கடல் கொண்ட நாடும் கடல் கொண்ட தெருவும்

இல்லாத நாடு ஒன்றைக் கற்பனையில் எழுப்பி, அதற்கு மலையும் ஆறும் வகுத்து, மன்னரையும் மக்களையும் குடியேற்றி, விலங்குகளையும் வழக்கங்களையும் கற்பித்து மகிழ்வது மனித மனத்தின் மிகப் பழைய பழக்கம். கிரேக்க நாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ 'அட்லாண்டிஸ்' என்னும் பெருந்தீவைப் படைத்தார். படைத்த கையோடு அதைக் கடலுக்குள் மூழ்கடித்தும் விட்டார். இங்கிலாந்தில் தாமஸ் மோர் 1516-இல் 'உட்டோப்பியா' என்ற தீவைப் படைத்தார். 1947-இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ் மாதந்தோறும் ஒரு புதிய அரசையும் ஒரு புதிய அரக்கனையும் நம் பெரியவர்களின் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தந்தது.

ஆனால், நண்பர்களே, தமிழர்களாகிய நமக்கு வேறெங்கும் தேட வேண்டாத ஒரு பேரரசு உண்டு. அதுதான் குமரிக்கண்டம். அதைப் பற்றி மேடையில் முழங்காத பேச்சாளர் இல்லை. கட்டுரைப் போட்டியில் எழுதாத மாணவர் இல்லை. நானும் எழுதுகிறேன். ஆனால் நான் எழுதப் புகுந்த காரணம் சற்று வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து வருவோம்.

சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார்தான் நமக்கு வழிகாட்டி. பஃறுளி என்றோர் ஆறு, குமரி என்றோர் ஆறு. இவ்விரண்டுக்கும் இடையே 700 காவத நிலப்பரப்பு. அதில் 49 நாடுகள். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என ஏழேழாக அவர் பெயர் சொல்லிச் செல்கிறார். தென்னை செழித்த நாடு, குன்றுகள் நிறைந்த நாடு, குட்டைப்பனை வளர்ந்த நாடு என்று அந்தப் பெயர்களைக் கேட்கும்போதே கண்முன் நிலம் விரிகிறது அல்லவா?

அந்த நாட்டின் வழக்கங்களை அறிய வேண்டுமானால் இறையனார் அகப்பொருள் உரையைத் திறக்க வேண்டும். அங்கே மன்னர்களின் முதல் வேலை தமிழ் ஆராய்வது! தென்மதுரையில் இருந்த தலைச்சங்கம் 4440 ஆண்டுகள் நடந்ததாம். அதைப் போற்றிக் காத்த பாண்டியர் 89 பேராம். அதைக் கடல் கொண்டபின் கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டுகள். அதையும் கடல் கொண்டது. பின்னர் இன்றைய மதுரையில் கடைச்சங்கம் 1850 ஆண்டுகள். சங்கத்தில் சிவபெருமானும் முருகவேளும் புலவர்களோடு புலவர்களாக அமர்ந்திருக்கிறார்கள். புலவர் அவையில் கடவுள் உறுப்பினராக இருந்த பேரரசு உலகில் வேறு எங்கேனும் உண்டா என்று நான் வியந்ததுண்டு.

இனி விலங்குகள். இங்கேதான் கதை கடல் கடந்து செல்கிறது. பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் 1864-இல் ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கர் தீவில் லெமூர் என்ற சிறு விலங்குகள் பலவகையாக வாழ்கின்றன. அவற்றின் உறவினங்கள் ஒரு பக்கம் ஆப்பிரிக்காவிலும் மறு பக்கம் இந்தியாவிலும் காணப்படுகின்றன. இடையில் இருப்பதோ பெருங்கடல். நீந்தியா வந்தன? ஒரு காலத்தில் இந்த நாடுகளை இணைத்த நிலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதி, அந்த விலங்கின் பெயரையே சூட்டி 'லெமூரியா' என்றார். அந்த உறவினங்களுள் ஒன்று நம்முடைய தேவாங்குதான்! 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று நாம் கேலி பேசும் அந்த ஏழைப் பிராணிக்காக ஒரு கண்டமே கற்பிக்கப்பட்டது என்பது எவ்வளவு வேடிக்கை! அந்தத் தேவாங்குகளுக்காகக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டை நம் மாநில அரசு 2022-இல் காப்பகமாக அறிவித்திருக்கிறது.

விலங்கியலார் போட்ட விதையை மற்றவர்கள் மரமாக்கினார்கள். மனித இனமே அங்குதான் தோன்றியிருக்கலாம் என்றார் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட நூலில், லெமூரியாவில் மூன்று கண்ணுடைய, முட்டையிலிருந்து பிறக்கும் பெருமனிதர்களைக் குடியேற்றினார். அந்தச் சபையின் தலைமையிடம் 1882-இல் நம் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைத்தால், இந்தக் கற்பனையின் ஒரு கிளை நம் நகரத்திலேயே வளர்ந்தது எனலாம். 1904-இல் ஸ்காட் எலியட் என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரமுள்ள லெமூரியன் ஒருவன், பல்லி இனத்துப் பேருயிர் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நாம் ஆட்டை ஓட்டிச் செல்வதுபோல் இழுத்துச் செல்வதாக எழுதினார். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாஸ்டா மலைக்குள் லெமூரியர்கள் இன்றும் ஒளிந்து வாழ்கிறார்கள் என்று நம்புவோர்கூட உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழறிஞர்கள் இந்த லெமூரியாவையும் உரையாசிரியர்களின் கடல்கொண்ட நாட்டையும் ஒன்றாக்கினார்கள். பரிதிமாற் கலைஞர் முதல் தேவநேயப் பாவாணர் வரை பலர் அதைப் பற்றி எழுதினார்கள். 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்டம் பற்றிய செய்திப்படமும் திரையிடப்பட்டது.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? 1912-இல் வெக்னர் என்ற ஜெர்மானியர், கண்டங்கள் நகர்கின்றன என்றார். முதலில் சிரித்த உலகம் அரை நூற்றாண்டுக்குப் பின் அதை ஏற்றுக்கொண்டது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. ஆகவே இணைப்புக்கு மூழ்கிய கண்டம் ஒன்று தேவையே இல்லை. அப்போது மனிதனும் இல்லை. நம்மைப் போன்ற மனிதன் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் வேறொன்று உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கும் நமக்கும் இடையே தரைவழி இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறிவந்து அந்த நிலத்தை மூடியது. நிலவியல் அறிஞர் சு. கி. ஜெயகரன் தம் 'குமரி நில நீட்சி' என்ற நூலில் இவற்றையெல்லாம் விளக்கியிருக்கிறார். கண்டம் மூழ்கவில்லை, கரைநிலம் மூழ்கியது. இதுதான் சுருக்கம்.

இதைச் சொன்னவுடன் சிலருக்குக் கோபம் வரும். சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு இரண்டும் வரவில்லை. சொந்த ஊர்க் கல்லூரியிலேயே தன் மொழி இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட காலத்தில், 'எங்களுக்கு ஒரு பெருநாடு இருந்தது, அதைக் கடல் கொண்டு போயிற்று' என்று ஒருவன் சொல்லிக்கொண்டால், அது பொய் பேசும் ஆசை அல்ல, இழந்தவனின் ஏக்கம். அதுமட்டுமல்ல, கடலோரத்தில் வாழும் மக்களுக்குக் 'கடல்கோள்' என்பது ஏட்டுச் சொல் அல்ல. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நடந்ததை நம் குப்பங்களில் கேட்டால் இன்றும் குரல் நடுங்கும்.

இப்போது நான் எழுதப் புகுந்த காரணத்திற்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் சிலப்பதிகாரம் நடத்தியபோது, அந்த ஏழேழு நாடுகளின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து, மாலையில் வீட்டில் உரக்கப் படித்தேன். திண்ணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் ஆயா கேட்டார்:

"இன்னாடா அது, ஏழு ஏழுன்னு?"

"கடல்ல முழுகிப்போன நாடு ஆயா. மொத்தம் நாப்பத்தொம்போது."

"அத்த நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி."

ஆயா கத்தியைக் கீழே வைத்தார். "பாக்காத நாட்டுக்கு நாப்பத்தொம்போது பேரு எளுதி வச்சிக்கிறாங்க. நான் பாத்து முழுகின தெரு மூணு. அதுக்கு யாருடா பேரு எளுதி வச்சாங்க?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டியது. ஆயா மணமாகி வந்தபோது இருந்த வீட்டுக்கும் அலைக்கும் நடுவே வலை உலர்த்தும் மணல்மேடு இருந்ததாம். அதற்கும் அப்பால் கட்டுமரங்களை இழுத்துப் போடும் இடம். பிள்ளைகள் பந்து விளையாட ஒரு வெளி. புன்னைமரத்தடியில் ஒரு சிறு அம்மன் மாடம். உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று. முதலில் மணல்மேடு போயிற்று. பிறகு மரம் சாய்ந்தது. அம்மனை எடுத்து உள்ளே வைத்தார்கள். கிணற்றின் வளையங்கள் மட்டும் சில காலம் அலைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தனவாம், பல் விழுந்த வாய் போல. பிறகு ஒரு மழைக்காலத்தில் வீடும் போயிற்று. மேற்கே தள்ளி இரண்டாவது வீடு, அதுவும் போயிற்று. நான் பிறந்தது மூன்றாவது வீட்டில். ஆயாவின் டிரங்குப் பெட்டியில் முதல் வீட்டுக்கு வரி கட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. மனை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "நான்கு எல்லையைக் காட்டுங்கள் அம்மா" என்றார்களாம். ஆயா கிழக்கே கையைக் காட்டியிருக்கிறார். அங்கே அலைதான் இருந்தது. எல்லை காட்ட முடியாத நிலத்துக்கு மனு எழுத முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடல்கோள் ஏன் நடந்தது? இதற்கு விடை புராணத்தில் இல்லை. எங்கள் தாத்தாவின் பேச்சில் இருந்தது. கடலுக்குள் நீரோட்டம் இரண்டு வகை என்பார் அவர். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. ஆண்டில் பெரும்பகுதி வடக்கு நோக்கியே ஓட்டம் இருக்கும். அந்த ஓட்டமும் அலையும் கரையோரமாக மணலை வாரிக்கொண்டு வடக்கே போகும். போகிற வழியில் ஓரிடத்தில் மணலைப் போடும், ஓரிடத்தில் எடுக்கும். வரவும் செலவும் சரியாக இருந்தவரை கரை கரையாகவே இருந்தது.

1870-களின் நடுப்பகுதியில் சென்னைத் துறைமுகத்திற்குக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். வடக்கே வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. அங்கே மணல் குவியக் குவியக் கரை அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் உலாச்சாலை அமைத்த மெரினாக் கடற்கரை இவ்வாறு அகலம் பெற்றதுதான். சுவருக்கு வடக்கே இருந்த இராயபுரத்திற்கும் காசிமேட்டிற்கும் திருவொற்றியூருக்கும் மணல் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. 1876 முதல் 1975 வரை துறைமுகத்துக்கு வடக்கே கரை ஏறத்தாழ 500 மீட்டர் பின்வாங்கியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நூறு ஆண்டில் அரைக் கிலோமீட்டர்! மாலையில் மெரினா மணலில் அமர்ந்து சுண்டல் தின்னும்போது, இதில் ஒரு பிடி எங்கள் ஊருக்கு வரவேண்டிய மணல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதை ஒரு குற்றப்பத்திரிகையாக நான் எழுதவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவது துறைமுகத்தாலும் தொழிற்சாலைகளாலும்தான். சுவர் கட்டியவர்கள் கப்பலைப் பற்றி நினைத்தார்கள். குப்பத்தைப் பற்றி நினைக்க அன்று யாரும் சொல்லித் தரவில்லை. பிற்காலத்தில் கரையில் பாறைகளைக் கொட்டினார்கள். கடலுக்குள் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். சில இடங்களில் மணல் திரும்பவும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் மணலைப் பிடித்து நிறுத்தினால் அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கும். ஆகவே திருவொற்றியூரின் கவலை சின்னக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் நெட்டுக்குப்பத்துக்கும் நகர்கிறது.

எங்கள் ஊர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பட்டினத்தார் எந்த ஊர்க்காரர்? காவிரிப்பூம்பட்டினத்தார் என்கிறது மரபு. கடல் கொண்டதாகக் காப்பியம் சொல்லும் பட்டினத்திலிருந்து புறப்பட்ட ஒருவர், கடல் கொண்டுகொண்டிருக்கும் கரையில் வந்து அடங்கியிருக்கிறார். காதற்ற ஊசியும் கடைவழிக்கு வாராது என்று உணர்ந்தவர் அவர். துறவிக்கு அது பொருந்தும். ஆனால் குடியிருக்க வேண்டியவனுக்கு நிலம் வேண்டும். நிலம் போனாலும் அதன் நினைவாவது வேண்டும்.

பழமை வேண்டும் என்று ஏங்கும் நண்பர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றை நாம் சாம்பலும் கழிவும் கலந்த நீராகவே அறிவோம். அதன் படுகையில், மேற்கே சென்றால், அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல், அதாவது ஸ்கிளேட்டர் லெமூரியாவைக் கற்பிப்பதற்கு ஓராண்டு முன்பே, பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து ஆராய்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றைச் செய்தவர்கள் நம் இனத்துக்கும் முந்திய மனிதர்கள். நம் வடசென்னை ஆற்றின் கரையில் அவர்கள் கல்லைக் கொத்தியிருக்கிறார்கள்! மூழ்கிய கண்டத்தை நம்பினால்தான் பெருமை என்றில்லை. காலடியிலேயே பெருமை கிடக்கிறது. அதைத் தேடிக் குனிந்தவர்கள் மண்ணைச் சலித்து, அளந்து, எழுதி வைத்தார்கள். அதனால் அது நிலைத்தது.

அடியார்க்கு நல்லாரிடம் நான் கற்றுக்கொண்டதும் அதுதான். அவர் தாம் காணாத நாட்டைப் பற்றி எழுதினார். ஆனால் பொதுவாகப் 'பல நாடுகள் போயின' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். பெயர் சொன்னதால்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் கரும்பலகையில் ஏறி நிற்கின்றன அந்த நாடுகள். எங்கள் ஆயாவின் தெருக்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. அவர் கண்ட கடல்கோளில் மாய்ந்தவை வெறும் 'கடலரிப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

எனவே நம் கல்லூரித் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் பலர் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களிலிருந்து வருகிறோம். ஒவ்வொரு குப்பத்திலும் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெரு எங்கே இருந்தது, எத்தனை வீடு, எந்த ஆண்டு போயிற்று, எந்தக் கோயிலை எங்கே மாற்றினார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் இனித்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வரலாற்றுத் துறை மாணவர்கள் அவற்றைக் கேட்டு எழுதட்டும். புவியியல் துறையினர் பழைய நிலப்படங்களோடு ஒப்பிட்டு வரைபடம் போடட்டும். தமிழ்த் துறையினர் தெண்டி, வன்னி போன்ற கடற்சொற்களைத் தொகுக்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பட்டியல் வெளிவரட்டும்.

நான் தொடங்கிவிட்டேன். ஆயா சொல்லச் சொல்ல, அதே குறிப்பேட்டில், ஏழ்குறும்பனை நாட்டுக்கு அடுத்த பக்கத்தில் எழுதி வருகிறேன். இதுவரை மூன்று தெருக்கள், அறுபத்து நான்கு வீடுகள், ஒரு கிணறு, ஒரு மாடம், ஒரு புன்னைமரம். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்பதில் மட்டும் ஆயாவுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. அது தீர்ந்ததும் நான்காவது தெருவுக்குப் போகிறோம்.